படம் எடுக்க வராத மணப்பெண்

நெஞ்சு நோய்ப் பிரிவில் புதிதாகப் பொறுப்பேற்றிருக்கும் தம்பி தங்கையருக்கு,

சென்ற வாரம் உங்களில் இருவர் மலாக்காவில் புக்கிட் காதிலில் உள்ள என் வீட்டைத் தேடி வந்து, "உங்கள் காலத்து வேலையைப் பற்றி எழுதித் தாருங்கள்" என்று கேட்டுக்கொண்டீர்கள். கேட்டதில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் மருந்தின் அளவும் ஊசி போடும் முறையும் இக்கடிதத்தில் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அவை உங்கள் பாடநூல்களில் என்னைக் காட்டிலும் தெளிவாக இருக்கின்றன. பாடநூலில் இடம் பெறாத ஒரு கல்யாணத்தைப் பற்றியே எழுத விரும்புகிறேன்.

நம் வேலை விசித்திரமானது. நோய் கண்டவர் தாமாகவே மருத்துவமனைக்கு வந்துவிடுவார். இருமலே அவரைத் தள்ளிக்கொண்டு வரும். நோய் தீர்ந்தவரைத் தள்ளிக்கொண்டு வர எதுவும் இல்லை. அவர் நன்றாகச் சாப்பிடுகிறார், நன்றாக உறங்குகிறார், கன்னத்தில் சதை வைத்திருக்கிறார். அவரிடம் போய், "ஆறு மாதத்துக்கு ஒரு முறை வந்து நெஞ்சை எக்ஸ்ரே படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஐந்து ஆண்டுகள் வரை விடாதீர்கள்" என்று சொன்னால், நல்ல உடம்பைக் கெடுக்க வந்தவனைப் போல் நம்மைப் பார்ப்பார். ஆயினும், ஆறிய புண் உள்ளே மீண்டும் விழித்துக்கொள்வது அந்த ஐந்து ஆண்டுகளுக்குள்தான். அவ்வாறு விழித்தால் முதலில் அறிய வேண்டியவர்கள் நாம். ஆகவே நலமாக இருப்பவர்களைத் தேடி அலைவதே என் உத்தியோகமாக இருந்தது.

நான் சைக்கிளில் போவேன். காஜா பெராங் சாலையில் என் சைக்கிளை அறியாதவர் இல்லை. அது எந்த வீட்டு வாசலில் நிற்கிறதோ அந்த வீட்டில் 'பாத்தோக் கெரிங்' என்று ஊர் முடிவு கட்டிவிடும். காச நோயை அக்காலத்தில் மலாய் மொழியில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். இதற்கு ஒரு வழி செய்துகொண்டேன். ஒரு வீட்டுக்குப் போக வேண்டுமானால் அந்த வரிசையில் இருந்த எல்லா வீடுகளிலும் ஏறி இறங்குவேன். ஓரிடத்தில் கொசுவைப் பற்றிப் பேசுவேன். ஓரிடத்தில் குழந்தைக்கு அம்மை குத்தியாயிற்றா என்று கேட்பேன். எங்கும் கோப்பி தருவார்கள், எங்கும் குடிப்பேன். எந்த வீட்டுக்காக வந்தேன் என்பது என்னையும் அந்த வீட்டாரையும் தவிர எவருக்கும் தெரியாது. மாலையில் வீடு திரும்பினால் என் மனைவி எனக்குக் கோப்பி தருவதில்லை. "இன்னைக்கு எத்தன வீடு?" என்று மட்டும் கேட்பாள்.

மருத்துவ உதவியாளர்களை அக்காலத்தில் டிரெஸர் என்பார்கள். எனக்கு முன் இந்த வேலையைப் பார்த்த மூத்த டிரெஸர் ஒருவர் தமக்கு நேர்ந்த தவற்றை என்னிடம் சொல்லியிருந்தார். நம்மவர்கள் கல்யாணத்துக்கு முன் பெண் வீட்டையும் மாப்பிள்ளை வீட்டையும் நாலு பேரிடம் விசாரிப்பார்கள் அல்லவா? அந்த நாலு பேரில் டிரெஸரும் ஒருவர். ஒரு முறை ஒருவர் வந்து ஒரு வீட்டைப் பற்றிக் கேட்டார். அந்த வீட்டில் எந்த நோயும் இல்லை. நல்ல மனம் படைத்த டிரெஸர், "தாராளமாகச் செய்யுங்கள், அங்கே ஒன்றும் கிடையாது" என்று சொல்லிவிட்டார். மறு வாரம் இன்னொருவர் வந்து வேறொரு வீட்டைப் பற்றிக் கேட்டார். அங்கே நோய் தீர்ந்த இளைஞன் ஒருவன் இருந்தான். டிரெஸர் வாயை மூடிக்கொண்டார். முதல் வீட்டுக்கு நற்சான்று தந்தவர் இரண்டாம் வீட்டுக்கு ஏன் தரவில்லை என்று ஊர் கணக்குப் போட எவ்வளவு நேரம் ஆகும்? கல்யாணம் நின்றது. அந்த இளைஞன் ஊரை விட்டே போனான். அதன் பிறகு எந்த மருத்துவமனையிலும் அவன் நெஞ்சைக் காட்டினானா என்பதே தெரியவில்லை.

"நல்லத சொன்னேன்டா, அதுதான் தப்பா போச்சி" என்பார் அவர். நோய் இருக்கிறது என்று சொல்லக் கூடாது என்பதை நீங்கள் முதல் நாளே கற்றிருப்பீர்கள். நோய் இல்லை என்பதையும் சொல்லக் கூடாது என்பதை அவரிடம்தான் நான் கற்றேன்.

இனி கல்யாணத்துக்கு வருகிறேன்.

இந்நாட்டுக்குச் சுதந்திரம் கிடைப்பதற்கு முந்திய ஆண்டு அது. கம்போங் செட்டியில் லெட்சுமி என்றொரு பெண் இருந்தாள். அங்கே பல தலைமுறைகளாக வாழும் செட்டி மக்கள் பெயரிலும் வழிபாட்டிலும் நம்மவர்கள்; வீட்டில் பேசுவது அவர்களுக்கே உரிய ஒருவகை மலாய் மொழி. லெட்சுமியின் தாயாருக்குத் தமிழில் சாமி பெயர்களுக்கு மேல் எதுவும் தெரியாது. லெட்சுமி மட்டும் தமிழ் பேசுவாள். காரணம், அவள் காச நோய் வார்டில் நெடுநாள் படுத்திருந்தாள்; அவள் கட்டிலுக்கு இருபுறமும் தோட்டத்துப் பெண்கள். அவர்கள் பேசிய தமிழ் அவளிடம் ஒட்டிக்கொண்டது. நலமாகி வீடு திரும்பிய பின், உறவினர்களிடம் "மலாக்காவில் இல்லை, அத்தை வீட்டில் இருந்தாள்" என்று தாயார் சொல்லிவைத்திருந்தார்.

மாப்பிள்ளையின் பெயர் சுப்பிரமணியம். பேருந்தில் டிக்கெட் கொடுக்கும் வேலை. அவனுடைய தந்தை பெரியசாமி, சாலை போடும் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர். ஆட்களை அதட்டி அதட்டி வீட்டிலும் அதே குரலில் உப்புக் கேட்பவர். தாயார் அஞ்சலை, அந்தக் குரலைக் காதில் வாங்காமலேயே குடும்பம் நடத்தியவர். இந்தச் சுப்பிரமணியமும் எங்கள் வார்டில் இருந்து குணமானவன். மண்டோர் ஊராரிடம், "பையன் சிங்கப்பூர்ல வேல பாத்தான்" என்று சொல்லியிருந்தார்.

ஆக, இரு வீட்டாரும் ஒரே விஷயத்தை ஒருவருக்கு ஒருவர் மறைத்தார்கள். இரண்டும் எனக்குத் தெரியும். ஒன்றையும் நான் சொல்ல முடியாது. இருவரும் குணமானவர்கள், கல்யாணம் செய்துகொள்வதில் தடையில்லை என்பது டாக்டரின் தீர்ப்பு. ஒரே ஒரு நிபந்தனைதான்: கல்யாணத்துக்கு முன் இருவரும் படம் எடுத்துக் காட்ட வேண்டும். லெட்சுமிக்கு நாள் வந்துவிட்டது. அவள் வரவில்லை.

ஒரு நாள் வழக்கம்போல் வரிசை வீடுகளில் கோப்பி குடித்து முடித்து, கடைசியாக அவள் வீட்டுப் படியேறினேன். தாயார் என்னைக் கண்டதும் இரு கைகளையும் கூப்பிவிட்டார். "தோலோங்லா டிரெஸர், ஜாங்கான் டாத்தாங்" என்றார்; தயவு செய்து இனி வரவேண்டாம் என்கிறார். சம்பந்தம் பேசி முடியும் வேளையில் ஆஸ்பத்திரிப் பக்கம் பெண்ணை யாராவது பார்த்துவிட்டால் எல்லாம் போயிற்று என்றார்.

லெட்சுமி சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். "கல்யாணம் முடியட்டும் ஐயா, அப்பறம் நானே வர்றேன்."

"முடிஞ்ச பெறகு நீ வேற வீட்டுப் பொண்ணு. அங்கேருந்து எப்படி வருவே? யார்கிட்ட சொல்லிட்டு வருவே?"

அவள் சமையற்கட்டுக்குள் திரும்பிவிட்டாள். கேள்வி அவளுக்குப் புதிதல்ல என்பதை அதிலேயே அறிந்தேன். கல்யாணத்துக்குப் பின் கருவுற்றால், உள்ளே ஆறாத புண் ஏதும் இருந்தால், அந்த உடம்பு தாங்காது. இதை அவளும் வார்டில் கேட்டிருந்தாள். கல்யாணமா, உயிரா என்ற இடத்தில் ஒரு பெண்ணை நிறுத்தியிருக்கிறோம், அதுவும் இரண்டையும் அவள் அடையலாம் என்ற நிலையில்.

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். வெள்ளைக்கார டாக்டர்; நல்லவர்; சட்டென்று முடிவெடுப்பவர். "ஆஸ்பத்திரி வண்டியை அனுப்பி அழைத்து வாருங்கள்" என்றார். அந்தச் சந்துக்குள் ஆஸ்பத்திரி வண்டி நுழைந்தால் கல்யாணம் அன்றே நின்றுவிடும், பெண்ணும் அத்தோடு நம்மை விட்டுப் போய்விடுவாள் என்று விளக்கினேன். "அவள் வராவிட்டால்?" என்றார். "நிச்சயதார்த்தம் முடியும் வரை எனக்கு விடுங்கள்" என்றேன். அவர் என்னை உற்றுப் பார்த்து, சரி என்றார். கேட்டு வாங்கிய பின்தான், என்னிடம் எந்த யோசனையும் இல்லை என்பது எனக்கே உறைத்தது.

மறுநாளே மண்டோர் என்னைக் கோப்பிக் கடையில் பிடித்துக்கொண்டார். எனக்கும் சேர்த்துப் பால் விடாத 'கோப்பி ஓ' சொல்லிவிட்டு, தம் அதட்டுக் குரலை முடிந்தவரை தாழ்த்தினார். கடை முழுவதும் கேட்டது.

"டிரெஸரு, ஒரே வார்த்த. கம்போங் செட்டியில ஒரு பொண்ணு பாத்திருக்கோம். அந்த வீட்டுக்கு நீங்க போறத பாத்ததா ஒருத்தன் சொன்னான். இருமல் கிருமல் உண்டா?"

"அண்ணே, நான் எல்லா வீட்டுக்கும் போறவன். எந்த வீட்டப் பத்தியும் சொல்றதில்ல."

"சும்மா இருந்தா இருக்குன்னுதான அர்த்தம்?"

"நாளைக்கு ஒங்க வீட்டப் பத்தி ஒருத்தர் வந்து கேட்டாலும் இதேதாண்ணே சொல்லுவேன். அப்ப அதுக்கு என்னா அர்த்தம்?"

மண்டோர் கோப்பியை ஊதினார். ஆறிப்போன கோப்பியை வெகுநேரம் ஊதினார். பிறகு, "சரிலா, சரிலா. நீங்க நம்ம ஆளு" என்று என் தோளைத் தட்டிவிட்டுக் காசு கொடுக்கப் போனார். போனவர் திரும்பி வந்து, "நிச்சயத்துக்கு நீங்களும் வரணும். அவங்க பேசறது எங்களுக்குப் புரியாது, நாங்க பேசறது அவங்களுக்குப் புரியாது. நடுவுல இருந்து மொழிபெயர்க்கணும்" என்றார். வீதியில் வேலை பார்ப்பவருக்கு மலாய் தெரியாதா என்று கேட்டேன். "கல்லு, மண்ணு, தாரு, சோம்பேறி, இவ்வளவுதான் தெரியும். இத வெச்சி சம்பந்தம் பேசமுடியுமா?" என்றார்.

அவ்வாறாக இரு இரகசியங்களுக்கும் நடுவில் எனக்கு நாற்காலி போட்டார்கள்.

நிச்சயதார்த்தம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், லெட்சுமியின் வீட்டில். மாப்பிள்ளை வரும் வழக்கம் இல்லை. இரவல் வாங்கிய காரை ஓட்ட ஆள் வேண்டும் என்ற சாக்கில் சுப்பிரமணியமும் வந்து, மூலையில் உட்கார்ந்து மேற்கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தான். வெற்றிலைத் தட்டு மாறியது. தாயார் கெபாயா உடுத்தி, தேங்காய்ப் பாலில் செய்த குவே பலகாரங்களும் சோறும் சம்பலும் பரிமாறினார். சம்பல் காரம் என்று அவர் எச்சரித்ததை நான் மொழிபெயர்த்துச் சொல்லத்தான் செய்தேன். "நாங்க தோட்டத்துல பச்ச மொளகா கடிச்சி வளந்தவங்க" என்று மண்டோர் இரண்டு கரண்டி போட்டுக்கொண்டார்.

விக்கல் வந்தது. தண்ணீர் கொடுத்தார்கள், நிற்கவில்லை. சர்க்கரை கொடுத்தார்கள், நிற்கவில்லை. சீர்வரிசையைப் பற்றி அவர் பேசத் தொடங்கிய ஒவ்வொரு வாக்கியமும் நடுவில் துள்ளி விழுந்தது. அப்போது தண்ணீர்ச் செம்புடன் வந்த லெட்சுமி, தன்னை மறந்து அவர் முன்னால் நின்று, தெளிவான தமிழில் சொன்னாள்:

"நேரா உக்காருங்க. தோளை முன்னால தள்ளுங்க. மூச்ச நல்லா இழுங்க... புடிங்க... அசையாதீங்க, அசையாதீங்க... ம், விடலாம்."

ஊரையே அதட்டும் மண்டோர் அப்படியே கீழ்ப்படிந்தார். விக்கல் நின்றது.

இங்கே ஒன்றை விளக்க வேண்டும். எங்கள் எக்ஸ்ரே அறையில் இருந்த உதவியாளர் தமிழர். சீனரோ மலாய்க்காரரோ, வந்தவர் எல்லோருக்கும் தமிழிலேயே கட்டளையிடுவார், எல்லோரும் புரிந்துகொள்வார்கள். லெட்சுமி சொன்னது அவர் வார்த்தைகள். குரலின் அந்த இழுப்பும் அவருடையது. அந்த அறையை அறிந்தவர்களுக்கு அதைக் கேட்டதுமே இடம் தெரிந்துவிடும். மண்டோர் ஒரு நாளும் அங்கே வந்ததில்லை. அஞ்சலையம்மாள், மகனை அழைத்து வந்து கதவருகே நின்று, எத்தனையோ முறை அதைக் கேட்டவர். வாய்க்குக் கொண்டுபோன குவே அவர் கையிலேயே நின்றது. சுப்பிரமணியம் மேற்கூரையை இன்னும் ஆழ்ந்து ஆராய்ந்தான்.

"அட, நீ தமிழ் பேசுவியா?" என்றார் மண்டோர், பூரித்துப்போய். "எங்கேம்மா படிச்சே?"

லெட்சுமியின் முகம் வெளுத்தது. தாயார் என் பக்கம் திரும்பி, என்ன கேட்கிறார் என்றார். நான் மலாயில் சொன்னேன். தாயார் அந்தக் கணத்திலேயே ஒரு கதையைக் கட்டினார்: பக்கத்து வீட்டில் முன்பு ஒரு தமிழ்க் குடும்பம் இருந்தது, அவர்களிடம் கற்றாள். சொல்லிவிட்டு, மொழிபெயர்க்கும்படி என்னைப் பார்த்தார். மண்டோரும் என்னைப் பார்த்தார்.

உங்களுக்கும் இப்படி ஒரு கணம் வரும். அவர் சொன்னதை அப்படியே சொன்னால், பொய்க்கு என் வாய் சாட்சி. ஆஸ்பத்திரி ஆள் சொன்னதாயிற்றே என்று மண்டோர் அதை நற்சான்றாகவே எடுத்துக்கொள்வார். மாற்றிச் சொன்னால், ஒரு பெண்ணின் இரகசியம் என் வாயால் வெளிப்படும். தயங்கினாலோ, தயக்கமே பதிலாகிவிடும். நான் தட்டிலிருந்த பெரிய குவே ஒன்றை முழுதாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். ஒட்டும் அரிசியில் செய்தது அது. மெல்ல மெல்லப் பெருகியது. மரியாதையாக விரலை உயர்த்தி, சற்றுப் பொறுக்கச் சொல்லிச் சைகை செய்தேன்.

அந்த இடைவெளியில் அஞ்சலையம்மாள் பேசினார்.

"எங்க படிச்சா என்னாங்க? நம்ம மணியமும் அந்தப் பள்ளிக்கூடத்துலதான இருந்தான்."

"எந்தப் பள்ளிக்கூடம்?" என்றார் மண்டோர்.

அம்மாள் அவரைக் கவனிக்கவே இல்லை. லெட்சுமியின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். "புதன்கெழம மணியத்துக்குப் படம் எடுக்கற நாளு. ஒனக்கும் வந்திருக்கும்ல? எங்ககூடவே வந்துரும்மா."

"வந்திருச்சி அத்தே," என்றாள் லெட்சுமி. "போன வாரமே."

"அடியே!" என்று மண்டோர் மனைவியைப் பார்த்து அலறினார். அத்துடன் விக்கல் திரும்பி வந்துவிட்டது.

என் வாய் காலியானது. இப்போது மொழிபெயர்க்க எனக்குத் தடையேதும் இல்லை; சொன்னவர்கள் தாமாகவே சொன்னார்கள். ஒரு சொல்லும் விடாமல் தாயாருக்கு மலாயில் சொன்னேன். அவர் என்னையும் அஞ்சலையம்மாளையும் மாறி மாறிப் பார்த்து, "டியா ஓராங் பூன்?" என்றார்: அவர்களுக்குமா? அவர்களுக்கும்தான் என்றேன். கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று எண்ணி அஞ்சலையம்மாள் எழுந்து போனார். கைக்குட்டையை விலக்கினால், அந்த அம்மையார் சிரித்துக்கொண்டிருந்தார்.

மண்டோர் மகன் பக்கம் திரும்பினார். "ஏண்டா, ஒனக்கு... ஹிக்... முன்னயே தெரியுமா?"

"கிளினிக்ல எதிர் பெஞ்சுப்பா."

"அப்ப தரகன் கொண்டாந்த சம்பந்தம்னு சொன்னியே?"

"தரகருக்கு வீட்டக் காட்டுனதே நான்தாம்பா."

மண்டோர் தட்டைத் தள்ளிவைத்தார். அந்த மனிதர் எழுந்து வெளியே நடந்தால் எல்லாம் முடிந்துவிடும். கடைசியில் என்னைச் சுட்டி, "இந்த ஆளுக்கு ரெண்டும் தெரியும். எங்கிட்ட கோப்பி குடிச்சிட்டு ஒரு வார்த்த சொல்லல" என்றார். சொல்லிவிட்டு, சம்பல் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார். "தின்னுங்க டிரெஸரு. நீங்களும் விக்குங்க."

இத்துடன் கதை சுபமாயிற்று என்று எண்ணிவிடாதீர்கள். வெட்கம் தீர்ந்தது, நெஞ்சுக்குள் என்ன இருக்கிறது என்பதை இன்னும் எவரும் பார்க்கவில்லை. லெட்சுமிக்கு அது தெரியும். புதன்கிழமை காலை இரு குடும்பங்களும் ஒன்றாக வந்தன. சுப்பிரமணியத்தின் படத்தை டாக்டர் ஒரு பார்வையில் கீழே வைத்தார். லெட்சுமியின் படத்தை வைக்கவில்லை. வெளிச்சத்தில் பிடித்தார், பழைய படத்தை எடுத்து வரச் சொல்லிப் பக்கத்தில் பிடித்தார், மீண்டும் புதியதைப் பார்த்தார். இடப்புறம் மேலே ஒரு நிழல் இருந்தது. லெட்சுமி அவர் முகத்தைப் பார்க்கவில்லை; நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். என்னிடம் எந்தச் செய்தியும் இல்லை. முகத்தை அசையாமல் வைத்துக்கொண்டேன். பொய்யான நம்பிக்கையும் ஒருவகை நற்சான்றுதான்.

"பழைய தழும்பு," என்றார் டாக்டர் தம் உடைந்த மலாயில். "இறுகிவிட்டது. முன்பைவிடச் சிறியது. போய்க் கல்யாணம் செய்துகொள். ஆறு மாதம் கழித்து வா."

அஞ்சலையம்மாள் அவளைக் கட்டிக்கொண்டார். மண்டோர் விரல்விட்டு மாதங்களை எண்ணிப் பார்த்து, கவலையோடு என்னிடம் கேட்டார்: "அதுக்கப்பறம் வர்ற நாளெல்லாம் சுதந்திரம் கெடச்ச பெறகுதான் வரும்போல. அப்ப இந்த வெள்ளக்காரரு இருப்பாரா? கேளுங்க."

கேட்டேன். டாக்டர் சிரித்தார். "நான் இருக்க மாட்டேன். இந்த ஆஸ்பத்திரி இருக்கும். இவர் இருப்பார்" என்று என்னைக் காட்டினார்.

அதை நான் மண்டோருக்கு மொழிபெயர்த்தேன். என்னைப் பற்றியதாக இருந்தபடியால் சற்றுத் தாழ்ந்த குரலில் சொன்னேன். அந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த பட்டம் அதுதான். உங்களுக்கும் அதற்கு மேல் ஒன்றை என்னால் வாழ்த்தத் தெரியவில்லை. டாக்டர்கள் மாறுவார்கள், மருந்துகள் மாறும். குணமானவர் ஆறு மாதம் கழித்துக் கதவைத் திறக்கும்போது தெரிந்த முகம் ஒன்று உள்ளே இருக்க வேண்டும்.

சுதந்திரம் வந்தது. புதிய கொடி ஏறியது, புதிய டாக்டர் வந்தார். குறித்த நாள் ஒன்றில் நான் கிளினிக்கைத் திறந்தபோது, வராந்தாவில் மண்டோரின் குரல் கேட்டது. கணவனும் மனைவியும் முன்னால் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால், தார் காயாத சட்டைகளோடு, சாலை போடும் ஆட்கள் சிலர் தலையைத் தொங்கப் போட்டு நின்றார்கள்.

"என்னாடா வெக்கம்? எம் மருமக வந்திருக்கா, பாக்கல? நிமுந்து நில்லு!" என்று அதட்டிவிட்டு, மண்டோர் என்னிடம் திரும்பினார். "டிரெஸரு, இவனுங்க ராத்திரியெல்லாம் இருமுறானுங்க. உள்ள சேத்துக்கங்க. நல்லா ஆனாலும் விட்றாதீங்க, அஞ்சு வருசத்துக்கு!"